சேமக் காற்றின் கணக்கு

ஒரு முழ நீளங்கூட இல்லாத உலோகக் குப்பியொன்றின் தலையிலே, பல்லாற் கவ்விக்கொள்வதற்கேற்ற இறப்பர்த் துண்டொன்றைப் பொருத்தி, வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அமுக்கிய சாதாரணக் காற்றை அதனுள்ளே அடைத்து, நீருக்குள் மூச்சு முட்டிய மனிதனை இது கரைசேர்க்கும் என்ற உறுதிமொழியோடு விற்கின்ற வியாபாரம், கைபேசித் திரையின் வழியாக இப்பொழுது நம்முடைய மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இக்குப்பியை ஒவ்வொரு தோணியிலும் வைத்துவிட்டால் நீர்மரணங்கள் அற்றுப்போகும் என்று உற்சாகத்தோடு பேசுவோர் ஒருபுறம். இது பணக்காரரின் விளையாட்டுச் சாமான், கடலையும் வாவியையும் நம்பிச் சீவிக்கும் ஏழைத் தொழிலாளிக்கு இதனால் ஆவதொன்றுமில்லை என்று தள்ளிவிடுவோர் மறுபுறம். இரு சாராரும் குப்பியைப் பார்க்கிறார்களேயன்றி, அதனுள்ளே எத்தனை மூச்சு இருக்கிறது, அம்மூச்சு எவருக்கு, எந்த ஆழத்தில், எத்தனை விநாடிக்கு உதவும் என்ற கணக்கைப் பார்க்கிறார்களில்லை. அதனை நிதானமாகப் போட்டுப் பார்ப்போமாயின், இச்சாதனம் எவருக்கு அத்தியாவசியமோ அவர் கையில் அது இல்லை என்பதும், அவருக்கு வேண்டியது விளம்பரத்தில் வரும் அந்தச் சிறு குப்பியுமன்று என்பதும் தெளிவாகும்.

காற்றைக் குப்பியில் அடைப்பது பெரிய வித்தையன்று. அடைத்த காற்றை, மனிதன் மூச்சிழுக்கும் கணத்தில் மாத்திரம், அவனைச் சூழ்ந்திருக்கும் நீரின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கத்தில் அவன் வாய்க்குள் விடுவதே வித்தை. ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த பிரான்சு தேசத்தில், கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோவும் பொறியியலாளரான எமில் கான்யானும் 1943 ஆம் ஆண்டில் அந்த வால்வைச் செப்பஞ் செய்து சமுத்திரத்தில் இறக்கிக் காட்டினார்கள். பெற்றோல் கிடையாத யுத்தகாலத்தில் மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் ஆக்கி வைத்திருந்த கருவியே அதற்கு மூலம் என்பது, விஞ்ஞானம் வளரும் விசித்திர மார்க்கங்களுக்கு ஓர் உதாரணம். 1956 ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இத்தீவுக்கு வந்து நம்முடைய கடலடியை ஆராயத் தலைப்பட்டபோது, அவர்கள் முதுகிற் சுமந்ததும் இந்தச் சாதனத்தின் வழிவந்ததே. இன்றைக்குக் கிழக்குக் கரையில் கடலட்டை பிடிக்க இறங்கும் இளைஞனின் வாயிலிருப்பதும் அதுவே. பாவனை பரவிய வேகத்தில், அதனோடு கூடவே வந்திருக்க வேண்டிய சாஸ்திரம் பரவவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இவ்வகைச் சிறு குப்பிகளுள் உலகெங்கும் பேர்போனதாகிய ‘ஸ்பெயார் எயார்’ என்பதன் பெரிய வகையிலுள்ள காற்றைத் திறந்த வெளியில் விட்டு அளந்தால் சுமார் 85 லீற்றர் தேறும். ஆறியிருந்து மூச்சு விடும் மனிதனுக்கு நிமிடத்துக்கு 8 லீற்றர் போதும். அவனே பயந்து, கைகாலை அடித்துக்கொண்டு இழுப்பானாயின் 40 லீற்றரும் கட்டாது. ஆகவே கரையிலே அமர்ந்து பரீட்சித்துப் பார்ப்பவனுக்குப் பத்து நிமிடம் வரும் குப்பி, நீர்மட்டத்திலே தத்தளிப்பவனுக்கு இரண்டு நிமிடந்தான் வரும். அங்கிருந்து கீழே போகப் போகப் போயிலின் விதி தன் வரியை அறவிடத் தொடங்குகிறது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டலத்தினாற் கூடுவதால், 10 மீற்றரில் அந்த 85 லீற்றர் பாதியாகி ஒரு நிமிடத்துக்கும், 20 மீற்றரில் மூன்றிலொன்றாகி 40 விநாடிக்கும், 30 மீற்றரில் காற்பங்காகி அரை நிமிடத்துக்குமே போதுமானதாகிறது. சுழியோடி ஒருவன் மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மிகாத வேகத்தில் வரவேண்டும் என்பது எங்கும் கற்பிக்கப்படும் நியதி. அவ்வாறு 30 மீற்றரிலிருந்து ஏறிவர மூன்று நிமிடத்துக்கு மேற் செல்லும்; ஏற ஏற அமுக்கம் தணிந்து காற்று விரிந்துகொடுப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், பயந்த மனிதனுக்கு 300 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். 85 எங்கே, 300 எங்கே? பத்து மீற்றரிலிருந்து ஏறுபவனுக்கு அந்தக் குப்பி மட்டுமட்டாகப் போதும். அதற்குக் கீழே அது கொடுப்பது தைரியமே தவிரக் காற்றன்று.

இந்தக் கணக்கின் கடுமையை அறிய மட்டக்களப்பாருக்குத் தூரதேசத்து உதாரணம் எதுவும் வேண்டியதில்லை. 1942 ஏப்ரில் 9 ஆம் திகதி, தன் விமானங்களில் ஒன்றேனும் தளத்தில் இல்லாத நிலையில் திருகோணமலையை விட்டு விலகித் தெற்கே வந்திருந்த பிரித்தானியக் கப்பலாகிய ‘ஹேர்மீஸ்’, யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி நம்முடைய கரைக்கு அப்பால் மூழ்கிப்போயிற்று. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. 307 பேர் அதனோடு மாண்டனர். அவ்வழியே வந்த ‘வைற்றா’ என்ற வைத்தியக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைக் கடலிலிருந்து பொறுக்கியெடுத்தது. இப்பொழுது ‘ஹேர்மீஸ்’ 53 மீற்றர் ஆழத்திற் கிடக்கிறது. உல்லாசத்துக்காக இறங்குவோருக்கு விதிக்கப்பட்ட எல்லை 40 மீற்றர் என்றிருக்க, அதனைக் காணவேண்டுமென்ற ஆசையால் தேசாந்தரங்களிலிருந்து சுழியோடிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்த ஆழத்தில் அமுக்கம் ஆறு மடங்குக்கு மேல். மேற்சொன்ன குப்பி அங்கே பதறிய மனிதனுக்குக் கொடுப்பது 20 விநாடி. இதனை நன்கறிந்த அநுபவசாலிகள் இரட்டைச் சிலிண்டரும், பக்கத்திலே தனி வால்வோடு தொங்கும் வேறு சிலிண்டர்களுமாகவே அங்கே இறங்குவர். பிழைப்புக்காக அன்றி வேடிக்கை பார்ப்பதற்காக இறங்கும் மனிதன் இத்தனை சேமத்தோடு போகிறான் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஏனெனில், அதே கடலில், அட்டைக்கும் சங்குக்குமாக நாள்தோறும் இறங்குகின்றவனின் கதை வேறு. கல்குடாப் பக்கத்துக் கரையொன்றிலே இழுத்து வைத்திருந்த பைபர்ப் படகொன்றை நான் சற்று நின்று பார்த்தேன். வர்ணம் உரிந்த சிலிண்டர்கள் ஆறு, பழைய டயர் டியூப்பை நாடாவாகக் கீறிய துண்டுகளால் படகின் வங்குக்காலோடு பிணிக்கப்பட்டிருந்தன. மூச்சிழுக்கும் குழாயின் இறப்பரில், அது வால்வோடு சேரும் இடத்தில், நகம் நுழையுமளவு வெடிப்பு. முகக்கண்ணாடியின் பட்டி அறுந்து நைலோன் நூலாற் கட்டப்பட்டிருந்தது. சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் அமுக்கமானி எதிலுமில்லை.

“அவசரத்துக்கு எண்டு இதில எது தம்பி?” என்று கேட்டேன்.

“எல்லாம் வேலைக்குத்தான் ஐயா. ஒண்டு முடிய மேல வந்து மத்தத மாத்திப்போட்டு இறங்குவம்.”

“கீழ இருக்கக்குள்ள முடிஞ்சா?”

“முடியிறதுக்கு முதல் இழுவை கனக்கும். கனத்தா வந்திருவம்.”

அந்த இளைஞன் சொன்னது பொய்யன்று. சிலிண்டர் வெறுமையாகும் தறுவாயில் மூச்சு இழுபடுவது உண்மையிலேயே கனக்கும். ஆனால் 25 அல்லது 30 மீற்றர் ஆழத்தில் அந்தக் கனம் உணரப்படும்போது மிஞ்சியிருப்பவை சில மூச்சுகளே. அவற்றை வைத்துக்கொண்டு மூன்று நிமிடப் பாதையை ஒரு நிமிடத்தில் ஏறிவருகிறான். வந்தபின் மற்றச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு உடனே இறங்குகிறான். நீரினடியில் இருந்த நேரமெல்லாம் இரத்தத்தில் கரைந்து ஏறிய நைதரசன், அமுக்கம் சடுதியாகத் தளர்ந்ததும் குமிழாகத் திரண்டு, மூட்டிலும் முள்ளந்தண்டிலும் போய்த் தங்கிவிடுகிறது. முதலில் தோள் உளைகிறது. பின்பு கால் மரக்கிறது. சிலருக்கு அந்தக் கால் திரும்பி வருவதேயில்லை. அத்தகையவர்களை அமுக்க அறையிலே கிடத்தி, மறுபடியும் அமுக்கத்தை ஏற்றி, மணிக்கணக்காக மெல்ல மெல்ல இறக்கிச் சிகிச்சை செய்யவேண்டும். அவ்வறை இருப்பதோ திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். மட்டக்களப்பிலிருந்து 120 கிலோமீற்றருக்கு மேல். நோவு கண்டவன் முதலில் எண்ணெய் தேய்த்துப் பார்த்து, இரவு கழித்து, மறுநாள் ஆசுபத்திரிக்குப் போய், அங்கிருந்து அனுப்பப்படுமுன்னே சிகிச்சைக்குரிய நேரத்திற் பெரும்பகுதி கழிந்துபோகிறது.

ஆறு சிலிண்டர் இருந்தும் சேமக் காற்று ஒரு லீற்றர்கூட இல்லை என்பதே நான் இங்கே சொல்லவந்த விஷயத்தின் நடு. பஞ்சப்பட்டவன் வீட்டில் விதைநெல் உலைக்குப் போவதுபோல, தொழிலாளியின் கைக்கு வரும் எந்தச் சேமமும் வேலையாக மாறிவிடுகிறது. இது அவனுடைய அசிரத்தையால் நேர்வதன்று. பிடித்துவரும் அட்டையின் எண்ணிக்கையைக் கொண்டே கூலி என்ற ஏற்பாட்டில், காற்று மிச்சமிருக்க மேலே வருபவன் கூலியை மிச்சம் விட்டு வருபவனாகிறான். பழைய நாளைய சிலிண்டர்களில் இதற்கென்றே ஒரு யுக்தி செய்து பார்த்தார்கள்: காற்று ஒரு குறித்த அளவுக்குக் குறைந்ததும் வால்வு தானே இறுகி மூச்சைத் தடுக்கும், சுழியோடி பின்புறமுள்ள கம்பியை இழுத்து, அடைபட்டிருந்த கடைசிப் பங்கைத் திறந்துகொண்டு மேலே வரவேண்டும். நல்ல யுக்திதான். ஆயினும் கம்பி எதிலாவது தட்டுப்பட்டு முன்னதாகவே இறங்கியிருந்தால், தடுப்பு வந்ததென்று எண்ணிக் கையைப் பின்னே கொண்டுபோனவனுக்கு அங்கே திறக்க ஒன்றுமில்லாதிருந்தது. அமுக்கமானி வந்ததும் மேல்நாடுகளில் அந்த வால்வு வழக்கொழிந்தது. நம்முடைய கரையிலோ அவன் பழைய கம்பியும் இல்லை, புதிய மானியும் இல்லை என்ற நிலையில் இறங்கிக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் என்ன அளவு குப்பி தகும்? 3 லீற்றர் கொள்ளளவுள்ள சிறு சிலிண்டரொன்றை 200 பார் அமுக்கத்துக்கு நிரப்பினால் 600 லீற்றர் காற்று கிடைக்கும். 30 மீற்றரிலிருந்து ஏறிவர வேண்டிய 300 சொச்சத்துக்கும், தடுமாறி வால்வை மாற்றும் அரை நிமிடத்துக்கும், மேற்பரப்புக்கு 5 மீற்றர் கீழே சற்று நின்று நைதரசனைக் கழிப்பதற்கும் அது காணும். தனி வால்வோடு பெரிய சிலிண்டரின் பக்கத்திலே கட்டப்படும் அந்தச் சிலிண்டரைத் தொழிற் சிலிண்டரோடு கலவாதபடி வேறு வர்ணம் பூசி, இறங்குமுன் முத்திரை வைத்து, முத்திரை உடைந்து வந்தால் ஏன் உடைந்தது என்று படகிலே கேட்பதற்கு ஓர் ஆளையும் வைத்துவிட்டால், சேமம் சேமமாகவே நிற்கும். இதன் விலை, ஒரு பருவத்திலே அப்படகு ஈட்டும் வருமானத்தின் முன் அற்பமே. ஆனால் கூலிக்கு இறங்குபவனை அதை வாங்கு என்று சொல்வது, நீயே உன் சவப்பெட்டிக்கு ஆணி வாங்கிவா என்று சொல்வதற்குச் சற்றும் குறைந்ததன்று. படகின் இயந்திரத்துக்கு எண்ணெய் முதலாளியின் கணக்கு. சிலிண்டருக்குக் காற்று முதலாளியின் கணக்கு. சேமக் காற்று மாத்திரம் ஏன் தொழிலாளியின் திறமைக் கணக்கில் எழுதப்படவேண்டும்?

காற்று அடிக்கும் இடத்தையும் பார்க்காமல் விட முடியாது. கரையிலே ஓலைக் கொட்டிலுக்குள் ஓடும் கம்பிரசரின் இயந்திரம் கக்கும் புகை, காற்றுத் திசை மாறினால், அதே கம்பிரசர் உறிஞ்சும் குழாயின் வாய்க்குள்ளேயே போகும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. மேற்பரப்பில் இலேசான தலைவலியோடு போய்விடக்கூடிய அளவு, 30 மீற்றரில் நான்கு மடங்கு வலிமையோடு இரத்தத்தைப் பற்றுகிறது. கீழே மயங்கியவனுக்கு எந்தச் சேமக் குப்பியும் உதவாது, அவன் வாயில் அதை வைப்பார் யார்? உறிஞ்சும் குழாயை மேற்காற்றுப் பக்கமாக உயர்த்திக் கட்டுவதற்கும் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதற்கும் பெருஞ்செலவில்லை. சிலிண்டரை ஐந்தாண்டுக்கொருமுறை நீர் நிரப்பி அமுக்கிப் பரிசோதிப்பது பல தேசங்களில் சட்டம். உள்ளே துருப்பிடித்த சிலிண்டர் வெடிக்குமாயின் அது ஒரு சிறு குண்டு.

வாவிக்கு வருவோம். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரையில் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம்முடைய வாவியின் பெரும்பகுதி, நெட்டையான மனிதனின் கழுத்தளவைத் தாண்டாது. ஆழமான மடுக்களிலும் 4 மீற்றர் அளவே. இத்தகைய நீரில் சிறு குப்பியாற் கேடொன்றும் வராது என்று எண்ணுவது சகஜம். அவ்வெண்ணந்தான் மிகவும் அபாயமானது. வெளியில் மூச்சடக்கிக்கொண்டு மூழ்குபவனின் நெஞ்சிலுள்ள காற்று, அவன் எவ்வளவு ஆழம் போய் வந்தாலும், மேலே வரும்போது புறப்பட்ட அளவுக்குத்தான் விரியும். குப்பியிலிருந்து கீழே காற்றை இழுத்து நெஞ்சை நிரப்பிக்கொண்டு, மூச்சை அடக்கியபடியே மேலே வருபவனின் நெஞ்சிலுள்ள காற்றோ, சுவாசப்பை கொள்ளக்கூடிய அளவையும் தாண்டி விரிந்து, நுண்ணறைகளைக் கிழித்து, இரத்தக் குழாய் வழியே குமிழாக மூளைக்குப் போய்விடும். ஒரு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்திலிருந்து எழும்பியவர்களுக்கும் இவ்விபத்து நேர்ந்ததாக வைத்திய சாஸ்திரம் பதிந்திருக்கிறது. நீரில் மூழ்கும்போது மூச்சை அடக்கு என்று சிறுவயதிலிருந்தே வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு நாம் பழக்கிவைத்திருக்கிறோம். குப்பி வாயிலிருக்கும்போது ஒருபோதும் அடக்காதே, ஏறும்போது விட்டுக்கொண்டே வா என்பது அதற்கு நேர்மாறான பாடம். இப்பாடத்தைக் கற்பிக்காமல் அஞ்சலில் அனுப்பப்படும் குப்பி, கைப்பம்பொன்றோடு சேர்த்து மலிவாக விற்கப்படுவதாயினும், பிள்ளைகள் கைக்குப் போகலாகாது.

பாதை என்று நாம் அழைக்கும், வாவியைக் கடக்கும் மிதவையிலே பிரயாணஞ் செய்வோருக்கும் குப்பி கொடுக்கலாமே என்றொரு யோசனை காதில் விழுந்தது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும், அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும் பாதையேறிப் போய்வரும் ஆசிரியைகளும், நெல்மூட்டைக்காரரும், மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞரும் குப்பியின் வால்வைத் தேடித் திறக்கும் பயிற்சி பெற்றவர்களல்லர். அவர்களுக்கு வேண்டியது நீரின்கீழ் மூச்சன்று, நீரின்மேல் மிதப்பு. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியாவிலே குறிஞ்சாக்கேணிப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டபோது, பாலம் கட்டி முடியுமுன் அந்தத் தற்காலிக மிதவையில் எத்தனை பேரை, எந்த மேற்பார்வையோடு ஏற்றினார்கள் என்பதே கேள்வியாயிற்று. மண்முனைக்கு 2014 இல் பாலம் வந்ததும் அங்கே பாதையின் கவலை தீர்ந்தது. பாலம் வரும்வரையில் மற்றத் துறைகளில் மிதப்பங்கியும், ஆட்கணக்கும், கரையோரக் கம்பியும் போதும். காற்றுக் குப்பியைப் பற்றிப் பேசி அந்தச் சுலபமான கடமைகளை மறக்கடித்துவிடக் கூடாது.

சிறு குப்பிக்கு உண்மையாகவே தகுந்த இடம் ஒன்று உண்டு. அது ஆகாயத்திற் பறப்பவனின் மார்பு. 2025 மே 9 ஆம் திகதி, விசேட படையினரின் பயிற்சி நிறைவு வைபவத்தின்போது, விமானப்படையின் பெல் 212 உலங்குவானூர்தி மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 12 பேரில் 6 பேர் இறந்தனர். கல்குடாப் பக்கமாக வந்து நம்முடைய கடலிற் கலக்கும் அதே ஆற்றின் நீர் அது. அவ்வாண்டு நவம்பரில், புயல் நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த மற்றொரு பெல் 212 லுணுவிலவில் ஜின் ஓயாவில் வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார். இயந்திரங்களையெல்லாம் தலையிலே சுமக்கும் ஊர்தியாதலால், நீரில் விழுந்ததும் தலைகீழாகப் புரள்வது அதன் சுபாவம். உள்ளிருப்பவன் இடுப்புப் பட்டியில் தலைகீழாகத் தொங்குகிறான். மூக்கின் வழியே நீர் ஏறுகிறது. இடது வலது தடுமாறுகின்றன. கதவு இருந்த திசையில் கதவில்லை. அங்கே ஆழம் சில மீற்றர்தான். வேண்டியது ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ. 85 லீற்றர் அதற்குத் தாராளமாகக் காணும். 2013 ஆகஸ்ட் 23 இல் ஷெற்லாந்துத் தீவின் சம்பரோவுக்கு அருகே எண்ணெய்த் தொழிலாளர்களை ஏற்றிவந்த உலங்குவானூர்தி கடலில் வீழ்ந்து 18 பேரில் 4 பேர் இறந்தபின், பிரித்தானிய விமானப் போக்குவரத்து அதிகாரிகள், நீருக்குள்ளேயே திறந்து பயன்படுத்தக்கூடிய அமுக்கக் காற்றுச் சாதனத்தை அத்தகைய பறப்புகளின் பிரயாணிகள் அனைவருக்கும் கட்டாயமாக்கினார்கள். குளிர்நீரில் மூச்சடக்கும் வலிமை சில விநாடிக்குக் குறைந்துவிடும் என்பது அவர்களுடைய நியாயம். நம்முடைய நீர் வெதுவெதுப்பானது, ஆகையால் இங்கே சற்று அதிக அவகாசம் உண்டு என்பது மெய். ஆயினும் இருட்டும் கலக்கலும் நிறைந்த நீர்த்தேக்கத்தில், பட்டியோடு போராடுபவனுக்கு வெதுவெதுப்பு வாசலைக் காட்டாது.

அங்கும் குப்பியைக் கொடுத்துவிட்டால் முடிந்ததென்று எண்ணலாகாது. குளத்திலே கூண்டொன்றை அமிழ்த்திப் புரட்டி, அதற்குள்ளிருந்து வெளியேறப் பழக்கும் பயிற்சியில், ஒரு கை சன்னல் விளிம்பைப் பற்றியபடியே இருக்கவேண்டும் என்றும், புரளல் நின்ற பின்னரே பட்டியை அவிழ்க்கவேண்டும் என்றும், மற்றக் கையாற் குப்பியை வாய்க்குக் கொண்டுவந்து, உள்ளே புகுந்த நீரை முதலில் ஊதித் தள்ளிய பின்னரே மூச்சிழுக்கவேண்டும் என்றும் உடம்பில் ஊறும்வரை சொல்லிக்கொடுக்கிறார்கள். மூக்கை அடைக்கும் கவ்வி மறந்துபோனவர் முதற்பயிற்சியிலே இருமிக்கொண்டு எழும்புவது வழக்கமாம். குளங்களும் வாவிகளும் நிறைந்த கிழக்கு மாகாணத்தின்மேற் பறக்கும் எந்த ஊர்தியிலும், காட்சிப் பறப்பாயினும் நிவாரணப் பறப்பாயினும், ஆசனத்துக்கொரு குப்பியும் ஆளுக்கொரு பயிற்சியும் இருக்கவேண்டுமென்பது மிகையான கோரிக்கையன்று.

நீரேயில்லாத இடத்திலும் மூச்சு நின்றுபோவதுண்டு. நம்முடைய கிணறுகள் அதற்குச் சாட்சி. மாரி வெள்ளம் வடிந்தபின் கிணறு இறைப்பது இங்கே வருடாந்தர வேலை. சுனாமிக்குப் பின்னர் கரையோரமெங்கும் உப்பேறிய கிணறுகளை இறைத்து இறைத்துக் களைத்ததையும் நாம் மறக்கவில்லை. நீர்மட்டம் 7 மீற்றருக்கு மேல் ஆழ்ந்த கிணற்றில் மேலே வைத்த பம்பு இழுக்காது. ஆகவே அதனைக் கயிற்றாற் கட்டி உள்ளே இறக்கி ஓடவிடுகிறார்கள். புகை மேலே வர வழியின்றித் தேங்குகிறது. பம்பு நின்றுவிட்டதென்று இறங்கியவன் சரிகிறான், அவனைத் தூக்க இறங்கிய தம்பி சரிகிறான், மூன்றாவதாக அயலவன். 2018 ஏப்ரிலில் ஹொரணையில் இறப்பர்த் தொழிற்சாலையொன்றின் தொட்டியில் வீழ்ந்த தொழிலாளியைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து 5 பேர் மாண்டது இதே சங்கிலியின் கோவைதான். முகத்தில் ஈரத்துணி கட்டுவதும், வடிகட்டி முகமூடி அணிவதும் ஒட்சிசன் இல்லாத இடத்தில் ஒன்றுக்கும் உதவா. முதுகிற் சுமக்கும் காற்றுச் சிலிண்டரும் முழு முகக்கவசமும் வேண்டும். 300 பாருக்கு நிரப்பிய அத்தகைய தொகுதி கடுமையாக உழைப்பவனுக்கும் அரைமணி நேரத்துக்கு மேல் வரும். காற்று 55 பாருக்கு இறங்கியதும் அது தானே விசில் ஊதத் தொடங்கும். தீயணைப்புப் படையினருக்குப் பழக்கமான அந்த விசில், நான் மேலே சொன்ன சுழியோடியின் சிலிண்டருக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். நகரத்துத் தீயணைப்பு நிலையத்திலிருந்து வெல்லாவெளிக்கோ வாகரைக்கோ வாகனம் போய்ச் சேருமுன் கிணற்றுக்குள் மூவர் கிடப்பர். ஆகையால் பிரதேச சபைக்கொரு தொகுதியும், அதை அணிந்து இறங்கப் பயின்ற இருவரும், இடுப்பில் கட்டும் கயிறும் அவ்வவ்விடத்திலேயே இருக்கவேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கிணற்றுக்கான தொகுதியைப் பிரதேச சபைகள் வாங்கவேண்டும். அதற்கு வரியிறுப்பாளர் ஆகிய நாம் முகஞ்சுளிக்க நியாயமில்லை. சுழியோடியின் விஷயத்திலோ அரசாங்கத்துக்குச் செலவு மிகச் சொற்பம். சங்குக்கும் அட்டைக்கும் சுழியோடுவது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரக வளச் சட்டத்தின்கீழ் அநுமதிப்பத்திரத்துக்கு உட்பட்ட தொழில். அதன் நிபந்தனைகளை ஒழுங்குவிதிகளாக வர்த்தமானியில் அறிவிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு ஏற்கெனவே உண்டு. இத்தனை அட்டைக்கு மேற் பிடிக்காதே, இரவில் இறங்காதே என்றெல்லாம் கடலின் வளத்தைக் காக்க விதி எழுதுகின்ற கை, ஒவ்வொரு சுழியோடிக்கும் அமுக்கமானியும், தொழில் ஆழத்துக்கு ஏற்ற முத்திரையிட்ட சேமச் சிலிண்டரும் படகுச் சொந்தக்காரரே கொடுக்கவேண்டும் என்றும், காற்றடிக்கும் கம்பிரசரை வருடத்துக்கொருமுறை பார்வையிடவேண்டும் என்றும் எழுதுவதற்கு என்ன தடை? வாடைக் கொந்தளிப்பு அடங்கிச் சித்திரையில் கடல் தெளிந்ததும் சுழியோடிகள் இறங்கத் தொடங்குவர். பரிசோதகர் கரைக்கு வந்து சிலிண்டர்களைத் தட்டிப் பார்ப்பதற்கு, அதற்கு முந்திய பங்குனி மாதம் தோதானது.